பள்ளிக் கதவைத் திறந்த பெருமகன் அய்யன்காளி

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரைக் கையிலேந்தி வாசிக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பள்ளியின் பெஞ்சில் அமர்ந்து எழுத்தறிந்தவரே. அவ்விடத்தில் அமர்வதற்கு நாம் எவரிடமும் கெஞ்சி நிற்கவில்லை. ஆனால் நம் பாட்டனாரின் தந்தையார் வாழ்ந்த காலத்தில், இதே மண்ணில், சர்க்கார் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிப்பதற்கும் நம் குழந்தைகளுக்கு உரிமை இல்லாதிருந்தது. அவ்வுரிமையைப் பெற்றுத் தருவதற்காக நெடுங்காலம் போராடிய தலைவர் ஒருவர், தாம் எந்தப் பள்ளியிலும் பயிலாதவர் என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது. அவர்தாம் வெங்கானூர் தந்த பெருமகன் அய்யன்காளி அவர்கள்.

அன்னார் பிறந்த ஊர் இன்று கேரள மாநிலத்தில் இருப்பதால், அவர் நமக்கு அயலார் என எவரும் கருதிவிடலாகாது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரோடு இணைந்திருந்தவை. வெங்கானூரை ஆண்ட சட்டமே நாஞ்சில் நாட்டையும் ஆண்டது. அங்கே திறந்த கதவு இங்கும் திறந்தது. அங்கே மூடிய கதவு இங்கும் மூடியது. ஆகவே அவர் வரலாறு நம் வரலாறே.

அவர் பிறந்த நாடு

1817ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவெழுத்து வெளியிட்டார். அக்காலத்து இந்திய அரசுகளுள் இத்தகைய அறிவிப்பு அரிதினும் அரிது. ஆயினும் குடிமக்கள் என்ற சொல்லினுள் நம் மக்கள் அடங்கவில்லை. அவர்கள் அன்று அடிமைகள். நிலத்தோடும் நிலமின்றியும் விற்கவும், அடமானம் வைக்கவும், வாடகைக்கு விடவும் தக்க உடைமைகள். 1855ஆம் ஆண்டு அரச அறிவிப்பினால் அடிமைமுறை முற்றிலும் ஒழிந்ததாகச் சட்டம் கூறிற்று. சட்டம் மாறியதே தவிர வயலும், வரப்பும், தீண்டாமையும் மாறவில்லை.

இவ்விருளிலும் நம் மாவட்டத்தில் ஒரு விளக்கு எரிந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். மயிலாடியில் சாம்பவர் குலத்திலே தோன்றிய மகாராசன் வேதமாணிக்கம், ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரியைத் தம் ஊருக்கு வரவழைத்தார். 1809ஆம் ஆண்டில் மயிலாடியில் ஆலயமும் பள்ளியும் தோன்றின. அங்கே விழுந்த வித்தே பின்னர் நாகர்கோவிலில் தழைத்து ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மிஷன் பள்ளிகளால் பலர் எழுத்தறிந்தனர். எனினும் வரிப்பணத்தில் நடக்கும் சர்க்கார் பள்ளி வேறு, அறத்தின்பொருட்டு நடக்கும் பள்ளி வேறு. முன்னது உரிமை, பின்னது உதவி. அந்த உரிமையைக் கேட்டுப் பெறவே ஒருவர் வரவேண்டியிருந்தது.

வில்லுவண்டி

1863ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், விழிஞ்ஞம் துறைமுகத்தை அடுத்த வெங்கானூரில், அய்யன் என்பாருக்கும் மாலை அம்மையாருக்கும் மகனாகக் காளி பிறந்தார். தந்தையின் பெயரையும் சேர்த்து அய்யன்காளி என அழைக்கப்பட்டார். புலையர் என்று அக்காலப் பதிவேடுகள் குறித்த குலம் அவருடையது. ஏட்டுக் கல்வி அவருக்கு மறுக்கப்பட்டது. உடல் வலிமையையும் நெஞ்சுரத்தையும் எவராலும் மறுக்க முடியவில்லை. இளமையிலேயே தோழர்களைத் திரட்டி உடற்பயிற்சியும் தற்காப்பும் பயின்றார். 1888ஆம் ஆண்டில் செல்லம்மையைத் திருமணம் புரிந்தார்.

பொதுச்சாலையில் நடப்பதும், தலைப்பாகை அணிவதும், முழங்காலுக்குக் கீழே துணி உடுத்துவதும் அன்று நம்மவர்க்குக் குற்றங்கள். 1893ஆம் ஆண்டில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டியை வாங்கினார். காளைகளின் கழுத்தில் மணி கட்டி, தூய வெள்ளாடை உடுத்து, தலைப்பாகை சூடி, பொதுச்சாலை வழியே வண்டியைச் செலுத்தினார். மறித்தவர்களை அஞ்சாது எதிர்நின்றார். அதனைத் தொடர்ந்து பாலராமபுரம் முதலிய இடங்களில் சாலையுரிமைக்காக நம்மவர் கூட்டமாக நடந்தபோது கலகங்கள் மூண்டன. இரு தரப்பிலும் இரத்தம் சிந்தியது.

சாலையில் நடக்கும் உரிமையோடு அவர் நின்றிருந்தால், வீரர் என்ற பெயரோடு வரலாறு அவரை விட்டிருக்கும். சாலையின் முடிவில் இருப்பது எது என்று அவர் சிந்தித்தார். சந்தைக்கும் வயலுக்கும் மட்டும் போய்வரும் சாலையால் அடிமைத்தனம் தீராது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலையே விடுதலைச் சாலை என்று தெளிந்தார்.

கட்டிய பள்ளியும் மறைந்த ஆணையும்

1904ஆம் ஆண்டில் வெங்கானூரில் தம் மக்களுக்கென ஒரு பள்ளியைத் தாமே அமைத்தார். ஓலைக் கூரையும் மண் தரையும் கொண்ட எளிய குடிப்பள்ளிக்கூடம் அது. சாதி வெறியர் அதனை அழித்தனர். நம் மக்கள் மீண்டும் கட்டினர். எழுத்தறியாத பெற்றோர், எழுத்துக்காகக் கட்டிய கொட்டகையை இரவும் பகலும் காக்க வேண்டியிருந்த காலம் அது.

தனியொருவராய் நின்று அரசிடம் முறையிடுவதால் பயன் விளையாது என்றுணர்ந்த அய்யன்காளி, 1907ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் சங்கம் எனப் பெயரிடாது, எளியோர் அனைவரையும் காக்கும் சங்கம் எனப் பெயரிட்டமை அவருடைய தொலைநோக்கைக் காட்டும். ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. வாரத்தில் ஒருநாள் கூடுவதும், தூய்மை பேணுவதும், மதுவை விலக்குவதும், சிறுதொகை சேமிப்பதும் உறுப்பினர் கடமைகளாயின. அரச நீதிமன்றம் எட்டாத மக்களுக்கெனச் சமுதாய நீதிமன்றம் ஒன்றையும் வெங்கானூரில் நடத்தினார்.

சங்கத்தின் முதற்பெரும் கோரிக்கை பள்ளி நுழைவே. விண்ணப்பங்கள் சென்றன. அரசும் இசைந்து, தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. ஆனால் அவ்வாணை கீழ்நிலை அலுவலர் மேசைகளில் உறங்கிற்று. தலைமையாசிரியரோ ஆணை வரவில்லை என்பார். ஊர்ப் பெரியோரோ வந்தாலும் ஒப்பமாட்டோம் என்பார். காகிதத்தில் திறந்த கதவு மரத்தில் திறக்கவில்லை.

வயல்கள் பேசிய மொழி

கலைந்து போயிருக்க வேண்டிய கூட்டத்தை அய்யன்காளி அப்போதுதான் போர்க்களத்துக்கு அழைத்தார். அவர் எடுத்த படைக்கலம் வாளன்று; கைகட்டி நிற்றல். எம் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்ற கருத்துப்பட நிலக்கிழார்களுக்கு அறிவித்துவிட்டு, வேளாண் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். விளவங்கோட்டை அடுத்த நெய்யாற்றங்கரைத் தாலுகாவின் வயல்வெளிகள் வெறிச்சோடின.

கன்னிப்பூவும் கும்பப்பூவும் கண்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டாருக்கு இதன் வலிமையை விளக்க வேண்டுவதில்லை. நாற்று முற்றினால் நடவு கெடும். களை பறிக்கும் பருவம் தவறினால் கதிர் குன்றும். பயிர் எவர் வசதிக்காகவும் காத்திருப்பதில்லை. சேற்றில் இறங்கி அறியாதோர் இறங்கிப் பார்த்தும் வேலை நடவாதாயிற்று.

அதே வேளையில் நம் மக்களின் அடுப்புகளும் அணைந்தன. அன்றாடக் கூலியே உணவாக இருந்தோர் ஏறத்தாழ ஓராண்டு வேலையின்றி இருந்தனர். வீடுகள் தீக்கிரையாயின, அடியும் உதையும் விழுந்தன. அய்யன்காளி விழிஞ்ஞத்து மீனவர்களிடம் சென்று, வேலையிழந்த குடும்பங்களிலிருந்து ஆட்கள் அவர்களோடு கடலுக்குச் சென்று பங்கு பெற ஏற்பாடு செய்தார். கடலோரத்து எளியோர் வயலோரத்து எளியோரைத் தாங்கினர். ஒடுக்கப்பட்டோர் ஒருவர்க்கொருவர் துணை நின்றால் எதுவும் கைகூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உலக வரலாற்றில் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தங்கள் பல. குழந்தைகள் படிக்க வேண்டும் என்பதை முதற்கோரிக்கையாக வைத்து, எழுத்தறியாத உழவுத் தொழிலாளர் பட்டினி கிடந்த வேலைநிறுத்தங்கள் மிகச் சிலவே. முடிவில் கண்டல நாகம் பிள்ளை என்ற மாஜிஸ்திரேட் நடுவராக அமர்ந்து இணக்கம் கண்டார். கூலி உயர்ந்தது, பள்ளிச் சேர்க்கைக்கும் நடமாட்ட உரிமைக்கும் ஒப்புதல் கிடைத்தது.

சபையில் ஒலித்த குரல்

1910ஆம் ஆண்டில், திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியில், கல்வி இயக்குநர் மிட்செல் துரையின் முயற்சியோடு, நம் குழந்தைகளுக்குப் பள்ளிகளைத் திறக்கும் ஆணை உறுதிப்பட வெளியாயிற்று. உடனே எதிர்ப்பும் மூண்டது. எதிர்த்தோர் யாவரும் கல்லாதவரல்லர் என்பது நாம் கருதத்தக்கது. அரசின் ஊழலை அஞ்சாது எழுதி, அதன்பொருட்டே 1910 செப்டம்பரில் நாடுகடத்தப்பட்ட சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையும் இவ்வாணையை எதிர்த்தார். தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதோர் பிள்ளைகளையும் நிலத்தை உழுதோர் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்துவது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதாகும் என்னும் கருத்தில் அவர் எழுதினார். மன்னராட்சியின் கொடுமையைக் கண்ட கண், சாதியின் கொடுமையைக் காணத் தவறியது. உரிமை பேசுவோர் அனைவரும் நம் உரிமையையும் பேசுவர் என்று நம்பியிருத்தல் ஆகாது என்ற பாடம் இதில் உண்டு.

1911ஆம் ஆண்டு டிசம்பரில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பொதுச்சாலையில் நடக்கலாகாது எனப்பட்டவர், மன்னரின் சபையில் அமர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சபையில் அவர் குரல் ஒலித்தது. பள்ளியில் இடம், கட்டணச் சலுகை, அரசுப் பணி, குடியிருக்க நிலம் என்று அவர் கேட்டவை அனைத்தும் அடிப்படைத் தேவைகளே. சபையில் அவர் விடுத்த வேண்டுகோளின் பயனாக விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் நிலம் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது.

ஊரூட்டம்பலம்

ஆணை உண்டு, இணக்கம் உண்டு, சபையில் இடமும் உண்டு. ஆயினும் ஒரு குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, மற்றக் குழந்தைகளின் நடுவே அமர்த்தினாலன்றி இவற்றின் உண்மை விளங்காது. 1914ஆம் ஆண்டில் அய்யன்காளி அதனைச் செய்தார். பூசாரி அய்யன் என்பாரின் மகள் பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துக்கொண்டு, தொண்டர் சூழ, ஊரூட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். அரசாணையைக் காட்டிச் சேர்க்கை கோரினார். சிறுமி வகுப்பினுள் அமர்ந்தாள்.

அவள் அமர்ந்ததைப் பொறாதார் கலகம் விளைத்தனர். அப்பள்ளிக்கே தீ வைத்தனர். தம் பிள்ளைகள் பயிலும் பள்ளி எரிந்தாலும் சரி, ஏழைச் சிறுமி ஒருத்தி அதில் எழுத்தறியலாகாது என்று எண்ணும் அளவுக்குச் சாதி அவர்கள் கண்ணை மறைத்திருந்தது. கலகம் சுற்றுப்புற ஊர்களுக்கும் பரவி, நம் மக்களின் குடிசைகள் பல அழிந்தன. ஊரூட்டம்பலத்து அப்பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பள்ளியில் இடம் கிடைத்தபோது, கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது அரிதாயிற்று. வெங்கானூர்ப் பள்ளியில் கற்பிக்கப் பரமேசுவரன் பிள்ளை என்பார் துணிந்து முன்வந்தார். தம் குலத்தாரின் பகையை ஏற்று நம் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த அவ்வாசிரியரையும் நன்றியோடு நினைப்பது நம் கடன்.

1915ஆம் ஆண்டில் கொல்லத்தை அடுத்த பெரினாட்டில் மற்றொரு போராட்டம் எழுந்தது. நம் பெண்டிர் அடிமைச் சின்னமாகக் கல்மாலை அணிந்தாக வேண்டும் என்ற வழக்கத்தை அவர்கள் அறுத்தெறிந்தனர். கலவரத்தின் பின்னர் அமைதிக் கூட்டத்தில் அய்யன்காளியின் முன்னிலையில் கல்மாலைகள் குவிந்தன. மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் கண்ட நம் தென் திருவிதாங்கூர் மக்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

உலகெங்கும் ஒரே வழக்கு

பள்ளி வாசலில் மறிக்கப்பட்ட குழந்தை திருவிதாங்கூருக்கு மட்டும் உரியதன்று. 1856ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்துத் தார்வாடில், மகார் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். நியாயம் அவன் பக்கமே எனக் கண்டும், மேல்சாதியார் பள்ளியை விட்டு நீங்குவர் என்று அஞ்சிய மாகாண அரசு அவனுக்கு இடம் மறுத்தது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குத் தனிப்பள்ளிகள் விதிக்கப்பட்டிருந்தன. கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் லிண்டா பிரௌன் என்னும் சிறுமிக்கு அருகிலிருந்த வெள்ளையர் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. அவளுடைய தந்தையும் பிறரும் தொடுத்த வழக்கு, வேறு மாநிலங்களின் வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றது. அடிமைகளின் வழித்தோன்றலான தர்குட் மார்ஷல் என்ற வழக்கறிஞர் வாதாடினார். 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரித்தல் அரசியல் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தனர்.

அதன்பின் நடந்தவை நமக்குப் புதியவையல்ல. 1957ஆம் ஆண்டில் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய இராணுவம் காவல் நிற்க வேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில், சேர்ந்து படிப்பதினும் படியாதிருத்தல் மேல் என்பதுபோல, 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே மூடிவிட்டனர். ஊரூட்டம்பலத்தில் வைத்த தீயும் வர்ஜீனியாவில் பூட்டிய பூட்டும் ஒரே மனத்தின் செயல்கள். லிண்டா பிரௌனுக்குக் கிடைத்த தீர்ப்புக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வழக்கறிஞர் பட்டம் இல்லாத ஒரு வேளாண் தொழிலாளர் தலைவர் அதே வழக்கை நம் மண்ணில் நடத்தினார் என்பது நாம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க செய்தி.

பத்துப் பட்டதாரிகள்

காலம் கனிந்தது. 1924இல் வைக்கத்திலும், 1926இல் நம் சுசீந்திரத்திலும் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகங்கள் நடந்தன. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளியாயிற்று. 1937ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்து முதியவரான அய்யன்காளியைக் கண்டார்.

அத்தகைய தருணத்தில் ஒருவர் எதனைக் கேட்பார்? பொன்னையா, பதவியையா? தம் கண் மூடுமுன் தம் மக்களுள் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுதலைக் காணவேண்டும் என்பதே அய்யன்காளி வெளியிட்ட ஆசை. வில்லுவண்டியில் தொடங்கிய பயணம் சென்று சேரவேண்டிய இடம் எதுவென அவர் இறுதிவரை மறக்கவில்லை.

1941ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1943இல், உழவூரின் ஏழைக் குடிலில் பிறந்த ஓர் ஒடுக்கப்பட்ட இளைஞர் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். அவர் 1997இல் இந்தியக் குடியரசின் தலைவராக உயர்ந்த கே. ஆர். நாராயணன். 1980ஆம் ஆண்டு நவம்பரில், திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அய்யன்காளியின் சிலையைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார். தலைநகரின் பொதுச்சாலையிலேயே அச்சிலை நிற்பது எவ்வளவு பொருத்தம்!

இளைஞர்களுக்கு

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் உருவான அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை 17ஆம் பிரிவால் ஒழித்தது. அரசின் பள்ளிகளிலும் அரசுதவி பெறும் பள்ளிகளிலும் சாதி காரணமாகச் சேர்க்கை மறுக்கலாகாது என 29ஆம் பிரிவால் விதித்தது. 1951இன் முதல் திருத்தம் கல்வியில் தனி ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. அய்யன்காளிக்குக் கிடைக்காத வலுவான சட்டங்கள் இன்று நம் கையில் உள்ளன.

ஆனால் அவர் வாழ்வு காட்டும் உண்மை ஒன்று உண்டு. ஆணை பிறப்பதால் மட்டும் கதவு திறவாது. ஆணை எங்கே தடைப்பட்டுக் கிடக்கிறது என்று தேடிப் பிடிக்க ஒருவர் வேண்டும். அதனைக் கையிலேந்தி வாசலுக்குச் செல்ல ஒருவர் வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே அமர்த்த ஒருவர் வேண்டும். அவர்களுக்குப் பின்னே, பசியைத் தாங்கி ஒற்றுமையாய் நிற்க ஒரு சமுதாயம் வேண்டும். உதவித்தொகை உண்டென்று அறியாமல் படிப்பை நிறுத்தும் மாணவி இன்றும் நம் தெருவில் இருக்கலாம். பள்ளியில் இழிசொல் கேட்டு மறுநாள் செல்ல மறுக்கும் சிறுவனும் இருக்கலாம். அவர்களின் கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் படித்தவராகிய நம் பொறுப்பு. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவதும் இதுவே.

ஓராண்டுப் பட்டினியை விலையாகக் கொடுத்து நம் முன்னோர் வாங்கிய இடம் அந்தப் பள்ளிப் பெஞ்சு. அதனை வெறுமையாக விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. பத்துப் பட்டதாரிகளைக் காண ஏங்கிய அப்பெருமகனுக்கு, வீட்டுக்கொரு பட்டதாரியைக் காட்டுவதே நாம் செய்யத்தக்க நன்றிக்கடன். வாழ்க அய்யன்காளியின் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!